வாளியின் நிறம்

தூக்கம் வராத இரவுகளில்
கிருஷ்ணகிரிக்குப் போய்விடுகிறேன்.
ரவுண்டானாவுக்குப் பின்னால்
அடகுக் கடை மாடியில்
ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அந்த ஒற்றை அறைக்கு.

இத்தனைக்கும் அந்த அறை
என்னை நன்றாக நடத்தியதில்லை.
மே மாதம் ஷிப்ட் முடிந்து வந்தால்
கூரை தலைக்கு மேல் வாணலி மாதிரி கவிழ்ந்திருக்கும்.
தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை.
மாங்கூழ் ஆலையில் பகலெல்லாம்
இனிப்பை அளந்துவிட்டு வருவேன்,
ராத்திரி விரலிடுக்கைத் தேடி எறும்பு வரும்.
வட்டிக்கு வாங்கிய பணம்.
பெங்களூர் ஆஸ்பத்திரியில் அப்பா.
எஸ்டிடி பூத்தில் வரிசை.

எப்போது காலி செய்வோம் என்று
காலண்டரில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தவள் நான்.
இப்போது ஓசூரில் மூன்றாவது மாடி,
ஏசி, கொசுவலை அடித்த ஜன்னல்.
கண்ணை மூடினால்
அங்கே போய்ப் பாய் விரிக்கிறது மனசு.

ஆலையில் பார்த்திருக்கிறேன்.
லாரியில் வந்து இறங்கும் கிளிமூக்கு
காம்பும் பாலும் கறுத்த தோலும்
வண்டு துளைத்த கொட்டையுமாக.
டின்னில் அடைத்துப் போவது வெறும் மஞ்சள்.
புளிப்பு தூக்கலாக இருந்தால்
சர்க்கரை சேர்க்கச் சொல்லிக்
கையெழுத்துப் போடுவதே நான்தான்.
ஞாபகமும் இப்படித்தான் என்று
கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.
இல்லை.
வண்டை எடுக்காமலே இனிக்கிறது அந்த அறை.

ஒருவேளை இதுவாக இருக்கலாம்:
அங்கே நடக்க வேண்டியதெல்லாம்
நடந்து முடிந்துவிட்டது.
அப்பா அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார்.
கடன் அடைந்தது.
பூத்துக்காரர் திம்மராயன்
‘லைன் கெடச்சிருச்சும்மா’ என்று கூப்பிடும்போது
வயிற்றில் இப்போது எதுவும் புரள்வதில்லை.
மறுமுனையில் என்ன சொல்வார்கள் என்று
எனக்குத் தெரியும்.
வியாழக்கிழமை வரப்போகிற என் ஸ்கேன் ரிப்போர்ட்
அந்த மாடிப்படி ஏறாது.
அதற்கு அந்த விலாசம் தெரியாது.

போன வாரம் தபசுமுக்கு போன் செய்தேன்.
வாணியம்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறாள்.
‘நம்ம நீல வாளி ஞாபகம் இருக்கா?’
‘பச்சைடி அது’ என்றாள்.
‘அதுக்குள்ளதானே தலைய விட்டுக்கிட்டு அழுவ,
பக்கத்து ரூமுக்குக் கேக்கக் கூடாதுன்னு.’

நான் அழுததே இல்லை அந்த அறையில்.
பச்சையும் இல்லை.
அரை மணி நேரம் சண்டை போட்டோம்.
அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.
போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்,
எனக்குப் பசித்தது.
இரண்டு நாளாக இல்லாத பசி.
குக்கரில் இருந்த சோற்றில் மோரை ஊற்றி
நின்றபடியே சாப்பிட்டேன்.

இன்றும் போகிறேன்.
சுவரோரம் தபசும் படுத்துவிட்டாள்,
போர்வை முழுக்க அவள் பக்கம்.
விடிந்தால் தண்ணீர் வரும் நாள்.
மூலையில் காலியாக இருக்கிறது வாளி.
நீலம்தான்.