இருபத்தேழாம் எண்

டிமிட்ரோ கோஸ்டிஷினுக்குக் கடை வைக்கும் எண்ணமே இல்லை.
அறுவடை நடுவே முறிந்த அச்சை ஒட்டித்தரச் சொல்லி வந்தவன்
காசுக்குப் பதில் ஒரு கன்றைக் கட்டிவிட்டுப் போனான்.
கன்று பசுவானது, கொட்டகை பட்டறையானது.
இது என் மாமனார் சொல்லும் வரலாறு.
என்னுடையது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

நான் நெருப்பைத் தொட்டவள் இல்லை.
வெல்டிங் முகமூடியை ஒரே ஒரு முறை போட்டிருக்கிறேன்,
கிரகணம் பார்க்க.
நெஸ்டரைக் கட்டிக்கொண்டு வந்த மறுவாரம்
இதுதான் ஆபீஸ் என்று ஒரு இரும்பு மேசையைக் காட்டினார்கள்.
ஒரு கால் குட்டை.
இரும்பை ஒட்டிப் பிழைக்கும் வீட்டில்
அது இன்றுவரை மடித்த அட்டைமேல்தான் நிற்கிறது.

தானியம் ஏற்றும் இழுவண்டிகள் செய்தோம்.
ஒவ்வொரு கொக்கியிலும் வால்டர், என் கணவரின் அண்ணன்,
சுத்தியலால் எண் குத்துவார்.
அவருடைய ஏழு எப்போதும் இடப்பக்கம் சாயும்.

பிறகு வட்டி இருபதைத் தொட்ட அந்த ஜனவரி.
சாஸ்கட்சுவான் முழுக்க வங்கிக்காரர்கள்
திடீரென்று மரியாதையாகப் பேசினார்கள்.
சம்பளம், இரும்பு, எரிவாயு:
மூன்று பில், இரண்டுக்குத்தான் பணம்.
எரிவாயுவைத் தள்ளிவைத்தேன்.
ஒரு மாதம்தானே.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
குளிர்ந்த இரும்பைச் சூடேற்றாமல் ஒட்டினால் என்னாகும்
என்று நெஸ்டருக்குத் தெரியும், வால்டருக்கும்.
எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.
நாற்பத்தொரு கொக்கி.
பற்றுகள் சடை பின்னியதுபோல் அவ்வளவு அழகு.
விரிசல் உள்ளே இருந்தது,
அதற்கு அவசரம் இல்லை.

ஜூனில், கார்னி ஃப்ரீசனின் இறக்கத்தில்,
பதினான்காம் எண் கழன்றது.
வண்டி அவரை வேலியோடு சேர்த்து அழுத்தியது.
இடுப்பு இரண்டு இடத்தில்.

எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றார் வக்கீல்.
மாமனார் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.
அவர் அதற்குமேல் பேசியதில்லை.

டிரக்கின் பின்னால் ஜெனரேட்டர்.
முன்னால் அண்ணன் தம்பிக்கு நடுவே நான், மடியில் புத்தகம்.
யார் எதை வாங்கினார் என்று எனக்குத்தானே தெரியும்.
அறுத்து, சூடேற்றி, மறுபடி ஒட்டி,
அடுத்த பண்ணை.
ஒருத்தி ரொட்டியும் ஊறுகாயும் கொடுத்தாள்.
ஒருவன் நாயை அவிழ்த்துவிட்டான்.
நாய்க்குப் பயந்து நான் டிரக்கில் இருந்தபோது
நெஸ்டரிடம் கேட்டுவிட்டேன்:
அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?
"நீயும் கணக்கைச் சொல்லவில்லையே" என்றார்.
வால்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டார், வெயில் கொளுத்தியும்.

விலை என்ற பத்தியில் நாற்பது பூஜ்யம் எழுதினேன்.
நாற்பத்தொன்று கிடைக்கவில்லை.
இருபத்தேழாம் எண்ணை வாங்கியவர் செத்துப்போயிருந்தார்.
ஏலத்தில் எடுத்தவன் ரொக்கம் கொடுத்து
மேற்கே போனான் என்றார்கள். பெயர் இல்லை.

மறு வசந்தத்தில் கார்னி ஊன்றுகோலோடு வந்தார்,
அடுப்புத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு.
நெஸ்டர் காசு வேண்டாம் என்றார்.
"இரண்டு டாலர், ரசீது கொடு" என்றார் கார்னி.
ரசீதைப் படித்துப் பார்த்து, மடித்து,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
மன்னித்தாரா? அது ரசீதில் இல்லை.

இப்போது அறுபது பேர், இரண்டு ரோபோ.
என் மகள் லாரிசாதான் நடத்துகிறாள்.
எரிவாயு பில் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது.
பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றிய பையன்
ஒரே ஒரு வரி முடியாமல் இருக்கிறதே, மூடிவிடவா என்றான்.
இருக்கட்டும் என்றேன்.

நெடுஞ்சாலையில் துருப்பிடித்த இழுவண்டி எதையாவது கண்டால்
நெஸ்டரே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிகிறேன்,
சாய்ந்த ஏழு ஒன்று தெரிகிறதா என்று.