படுத்துக் கேட்டது

காத்தான்குடிப் பேரீச்சைகளைத் தாண்டி
கடற்கரைப் பக்கம் திரும்பினால் றபியுதீனின் கராஜ்.
பென்ஸ் வேகனை உள்ளே விட்டதும்
எட்டிப் பாராமலே கேட்டான்:
"ஆள் இருக்கா உள்ளுக்கு?"
இல்லை, வெறும் வண்டி என்றேன்.
"அப்ப சரி."

சத்தத்தைச் சொல்லச் சொன்னான்.
டொக் என்றேன்.
பிறகு, டொக் இல்லை, டுப்.
பள்ளத்தில் ஒருதரம், பள்ளிக்கூட மேட்டில் இரண்டுதரம்.
வலமா இடமா என்றான்.
பின்னால். முழுப் பின்னாலும்.
முந்தாநாள் ஆரையம்பதியில்
ஒரு மகள் கண்ணாடியில் அடித்து
வண்டியை நிறுத்தினாள்:
"அப்பா உள்ளுக்குத் தட்டுறார்."
மூடியைத் திறந்து காட்டவேண்டி வந்தது.
அதையும் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை.

பொனற்றைத் தூக்கினான்.
எண்ணெய் அளவாய்க் கிடந்தது, நுரை இல்லை.
பம்பின் முனகல் அதன் பிறவிக் குரல்,
அதை விடுங்க என்றான்.
கீழே போய்
மட்டம் பார்க்கும் வால்வின் சின்னக் கம்பியை ஆட்டினான்,
புஷ் எல்லாவற்றிலும் லீவரை விட்டு நெம்பினான்.
வெளியே வந்து, பின் பம்பரில்
தொண்ணூறு கிலோவையும் வைத்து அமத்தினான்.
வண்டி ஒரு விரற்கடை இறங்கவில்லை.
"கல்லு," என்றான். பிறகு,
"ஒராள் பின்னுக்குப் படுக்கணும்."

கராஜ்ப் பொடியன் முபீஸுக்கு
அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி விடாய் வந்தது.

பதினொரு வருசம் இதை ஓட்டுகிறேன்.
மலர்ச்சாலைச் சீருடையோடு
உருளைத் தட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்தபோதுதான்
கூரைத் துணியில்
இலங்கை வரைபடம்போல ஒரு கறை கண்டேன்.
தலை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
"உங்கட வழக்கம் எப்பிடியோ அப்பிடி."

கல்லடிப் பாலம்.
ஒவ்வொரு பொருத்திலும் முதுகுக்குக் கீழ் ஒரு குட்டு.
ஏழுவரை எண்ணினேன்.
நடுவில் இன்னொரு சத்தம், மெல்லிசு, கிறிச்சென்று:
அது தட்டின் மூன்றாவது உருளை.
இன்னொன்று என் வளையல்.
மிச்சம் இருந்தது டுப்.
"வலப்பக்கம்!" என்று கத்தி
திரையை விலக்கி எழும்பினேன்.
பக்கத்தில் வந்த மோட்டார்சைக்கிள்காரர்
மரியாதைக்குக் கழற்றிய தொப்பியோடு
ஆற்றுப் பக்கம் கம்பியில் சாய்ந்து நின்றார்.
கை காட்டினேன். அதுவும் பிழையாய்ப் போயிற்று.

திரும்பி வந்து விளக்கினான்.
சில்லுக்கு ஒன்றாய் இரண்டு இரும்பு உருண்டை,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர்ச் சவ்வு.
இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் நைதரசன்.
சவ்வு கிழிந்து காற்றின் இடத்தில் எண்ணெய் குந்திவிட்டது;
வலது முழுசாய், இடது அரைவாசி.
"பாரம் ஏத்தினா இப்பவும் மட்டம் பிடிக்கும்.
அதுல குறை இல்ல.
தாங்கத்தான் தெரியாது."

தூக்கிச் செல்பவர்களைப் பற்றி
எனக்கும் அப்படிச் சில அபிப்பிராயம் உண்டு.
சொல்லவில்லை.

பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுத்தான்.
சோடி உண்டு, பாவித்தது, விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும்,
வியாழன் இரவு பஸ்ஸில் வரும்.
இன்று திங்கள்.
என் போனும் அடித்தது.
வாழைச்சேனை, மூன்று மணி, பாரமான மனிதராம்.

உருளையைப் பழைய ரியூப் துண்டால் இறுக்கி,
"மேட்டுல ஊர்ந்து போங்க டொரின் மிஸ்," என்றான்.
காசு வியாழன் தரலாமாம்.

இருபதில் ஓட்டினேன்.
பின்னால் வால்போல நீண்ட வாகனங்கள்
ஹோர்ன் அடிக்கவில்லை.
அதை அஞ்சலி என்று நினைத்திருப்பார்கள்.
ஏற்றும்போது வண்டி
மெல்ல உன்னி, மூச்சிழுத்து, தன் மட்டத்துக்கு வந்திருந்தது,
யார் என்றாலும் வருகிற அதே மட்டம்.

முதல் மேடு தெரிந்ததும்
கண்ணாடியைப் பார்த்து,
பக்கத்தில் இருந்த மருமகனுக்குக் கேட்காதபடி
பின்னால் சொன்னேன்:
மேடு வருது,
வலப்பக்கம் கொஞ்சம் குத்தும்.