நாற்பது நிமிடம்

கை மாறும் ராத்திரிக்கு முந்தின பதினெட்டு நாளும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.
கம்பம் இத்தனை, அதில் சாய்ந்தது இத்தனை.
பீங்கான் குமிழ், விரிசல் விட்டது தனியாக.
ஏணி ஒன்பது. மழைக்கோட்டு ஏழு,
அதில் ஒன்றுக்குக் கை இல்லை.
‘கை இல்லாததையும் எழுதும்’ என்றார் மேனேஜர் ஹாலாஸ்யம்,
‘நாளைக்கு நாம்தான் வெட்டிக்கொண்டோம் என்பார்கள்.’

எல்லாவற்றுக்கும் தேய்மானம் போட வேண்டும்.
செவ்வாய்ப்பேட்டைப் பங்குதாரர்கள் தினமும் வந்து
மண்டி விலை விசாரிப்பதுபோல் விசாரித்துப் போனார்கள்:
சர்க்கார் எவ்வளவு தரும், ரொக்கமா, பத்திரமா?
பேரேட்டுக்கு அடியில் கிடந்த கட்டைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
ஏரிமேட்டுக் காலனி மனுக்கள், ஆறு.
ஒவ்வொன்றின் மூலையிலும் அதே கையெழுத்து, அதே பச்சை மை:
‘பதினொரு கம்பம் தேவை. வருமானம் தேறாது.’
இதைச் சொத்தில் எழுதுவதா, கடனில் எழுதுவதா?
ஹாலாஸ்யம் மின்விசிறியைப் பார்த்தார்.

அன்றைக்குப் பார்த்து
பதினொன்று நாற்பதுக்குக் குகையில் ஒரு ஜம்பர் அறுந்தது.
முப்பது விசைத்தறி ஒரே மூச்சில் நின்றது.
சத்தத்தில் தூங்கிப் பழகிய தெரு
மௌனம் கேட்டு விழித்துக்கொண்டது.

சீரங்கன் ஏறினான்.
கம்பெனி ஏணி, கம்பெனி கையுறை.
கீழே டார்ச் பிடித்தது நான்.
பன்னிரண்டுக்குப் பெரியாபீஸில் சாவிக்கொத்து கை மாறியது.
சந்தனம் கொடுத்தார்களாம், ஆளுக்கொரு லட்டும்.
குகையில் ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு நாய் வந்து கம்பத்தை மோந்தது,
தன் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனது.
‘சீரங்கா, மணி பன்னிரண்டு. இப்ப நீ சர்க்கார் ஆளு!’
மேலேயிருந்து குரல் வந்தது:
‘வெளிச்சத்த ஆட்டாதீங்க சார்.’

இருபது நிமிடம் கழித்து இறங்கினான்.
மேலே என்ன தெரிந்தது என்றேன்.
‘ஏற்காட்டு மேல நாலஞ்சு பங்களா வெளக்கு.
அதுக்கு இந்தப் பக்கம் எங்க காலனி.’
இருட்டில் எப்படித் தெரியும்?
‘எது இருட்டா இருக்கோ அதுதான் சார்.’

அடுத்த மாதம் பில் வந்தது.
அதே தொகை, புது முத்திரை.
‘இனிமே நம்ம கரண்ட்டு நம்மளுது’ என்றவரிடம்
‘அப்ப பில்லு யாருக்கு?’ என்றார் டீ ஆற்றியவர்.

சீரங்கன் ஓவர்டைம் கேட்டு எழுதிக் கொடுத்தான்,
நாற்பது நிமிடம்.
ஏறிய இருபது கம்பெனியின் பொறுப்பு; கம்பெனி இல்லை.
இறங்கிய இருபது வாரியத்தின் பொறுப்பு;
ஆனால் ஏறச் சொன்னது வாரியம் இல்லை.
கோப்பு மெட்ராஸ் போனது,
சதை போட்டுத் திரும்பி வந்தது.

அது போன பையிலேயே ஒருமுறை
அந்த ஆறு மனுவையும் வைத்தேன்.
உதவிப் பொறியாளர் இக்னேஷியஸ் பச்சை மையை வாசித்தார்,
இரண்டு தடவை.
அடிக்கவில்லை. அதற்குக் கீழே
‘தேறாவிட்டாலும்’ என்று மட்டும் எழுதினார்.

அந்த ஒரு சொல் எழுந்து கம்பமாக நிற்க
இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆனது.
சிமெண்ட் இல்லை, அப்புறம் கம்பி இல்லை,
அப்புறம் தேர்தல்.

பதினொன்றாவது கம்பத்தில் சீரங்கனே ஏறினான்.
பட்டப்பகல். ஆனாலும் நான் டார்ச் கொண்டுபோயிருந்தேன்.
முதல் மாதமே அவன் வீட்டிலிருந்து புகார்:
மீட்டர் வேகமாக ஓடுகிறதாம்.
எழுதி வாங்கிக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.
மார்ச் முப்பத்தொன்று வந்தால்
பழைய பேரேட்டிலிருந்து புதிய பேரேட்டுக்கு
என் கையால் எடுத்தெழுதுகிறேன்.
எந்தப் பக்கத்தில் என்று
இப்போதெல்லாம் யாரையும் கேட்பதில்லை.