மூண்டு கிலோ

வல்லை வெளியில்தான் முதலில் கேட்டது.
காற்றென்று நினைத்தேன்; அங்கே எப்போதும் காற்று.
ஆவரங்கால் வாழைகளுக்குள்ளும் அது
கூடவே வந்தபோது
றேடியோவை நிறுத்தினேன்.

ஐம்பதில் முனகல், அறுபதில் ஊளை.
வலப்பக்கம் வெட்டினால் ஏறும்,
இடப்பக்கம் வெட்டினால் அடங்கும்.
பிறேக்கில் கால் வைத்தால்
குளிர்காய்ச்சல்காரனைப்போல ஸ்ரேரிங் உதறும்.

“இடது முன்சில்லு” என்றாள் நிலோஜினி
சில்லைத் தொடாமலே.
நீர்வேலியில் அவளது தகரக் கொட்டகை.
கிளிநொச்சியில் படித்த சான்றிதழ்
பற்றறித் தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால்
பாதி தெரிந்தது.

முனைத் துறையில் அலைக்குள் இறக்கி
மீன் ஏற்றுகிற வண்டி.
பத்து வருசத்து உப்பு
நட்டுகளை விடவில்லை.
நெம்புகோலில் இரும்புக் குழாயைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றாள்.
ஒன்று கீச்சிட்டுக் கழன்றது.
ஒன்று கழுத்தோடு முறிந்தது.
அதற்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம்.

இந்த மாடலில் பிறேக் டிஸ்க்
ஹப்பின் முதுகில் ஒட்டியிருக்கும்.
ஹப்பைக் கழற்றாமல் அதைத் தொட ஏலாது.
ஹப்பைக் கழற்றினால்
பேரிங்கைப் பார்க்காமல் விட ஏலாது.
வழித்தெடுத்த கிறீஸ் கறுத்து, மினுங்கியது.
விளக்கைக் கிட்டப் பிடித்தாள்:
பேரிங் ஓடிய வளையம்
அம்மி பொளிந்த மாதிரி.
“இதிலயோ இவ்வளவு நாளும் ஓடினனீங்கள்?”

பித்தளைத் தண்டை வைத்துப்
புது வளையத்தைச் சுற்றிச்சுற்றித் தட்டினாள்.
டண், டண், டண்,
பிறகு ஒரு ‘டக்’.
“இருந்திட்டுது.”
உள்ளங்கையில் கிறீஸை அள்ளி
பேரிங்கை அதில் குத்திக்குத்தி இழுக்க
மறுபக்கத்தால் இடியப்பமாய்ப் பிதுங்கியது.
நான் புது டிஸ்க்கைத் தூக்கிக் கொடுக்கப் போனேன்.
“மீன் கையால தொடாதேங்கோ.
எண்ணெய் பட்டால் பிறேக் பிடிக்காது.”
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நட்டை இறுக்கினாள், ஹப்பைச் சுழற்றினாள்,
தளர்த்தி மறுபடி இறுக்கினாள்.
இனி இழுத்துப் பார்க்க ஒரு வில்தராசு வேண்டும்.
அவளுடையதை யாரோ இரவல் கொண்டுபோய்விட்டார்கள்.
மூண்டு கிலோவுக்குக் கீழ் இழுபட்டால் சில்லு ஆடும்,
ஐந்துக்கு மேல் போனால் பேரிங் எரியும்.

“உங்கட தராசு இருக்குமே?”

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.
வேறென்ன செய்ய?
சில்லு நட்டில் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தாள்.
முள் எழும்பியது, ஹப் அசைந்தது.
“சரியா மூண்டு” என்று
பூட்டுவாசரை எடுத்தாள்.

திருநெல்வேலிச் சந்தையில்
அந்த முள்ளைப் பார்த்துக் காசு எண்ணியவர்கள்
ஒருவர்கூட அப்போது நினைவில் வரவில்லை.
வந்தது வல்லை வெளி,
விடிய நாலு மணி இருட்டு,
எண்ணூறு கிலோ பாரை,
முன்சில்லு.

“தங்கச்சி,” என்றேன்.
“அது பத்து காட்டினா ஒன்பதுதான்.”

வாசரின் காதை மடிக்கப்போன சுத்தியல்
அந்தரத்தில் நின்றது.
என்னைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தாள்.
“அப்ப இது ரெண்டே முக்காலும் இல்லை.”
நட்டை ஒரு மயிரிழை இறுக்கி
நாலரை வரும்வரை இழுத்து
“பொய்யைக் கழிச்சா நாலு. போதும்” என்றாள்.
வலப்பக்கச் சில்லுக்கும் அதே கணக்கு.

காசோடு
ஒரு விளைமீனும் கேட்டாள்.
நிறுக்கச் சொல்லவில்லை.
கையில் தூக்கிப் பார்த்து
உள்ளே கொண்டுபோனாள்.

திரும்பி வரும்போது எழுபது.
முனகல் இல்லை, உதறல் இல்லை.
வல்லை வெளியில் காற்று காற்றாகவே கேட்டது.
அதனால்தானோ என்னவோ
பின்னால் தராசுக் கொக்கி
பெட்டியின் தகரத்தில் முட்டுவதும் கேட்டது.
பத்து வருசம் அங்கேதான் தொங்கியிருக்கும்.
றேடியோவைப் போட்டேன்.
அப்போதும் கேட்டது.