இரண்டாவது கடிகாரம்

பசியாறாமல் வரச் சொல்லியிருந்தோம்.
ஆறு பேரும் அப்படியே வந்தார்கள்,
பகாவ் டவுனில், டயர் கடைக்கு மேல்மாடியில்,
டாக்டர் லிம்மின் பல் கிளினிக்குக்கு.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி
மரத்த தாடை தெளியத் தொடங்கியதும்
ஆளுக்கொரு மாத்திரை, அரை டம்ளர் தண்ணீர்,
கையில் இரண்டு ஸ்டாப்வாட்ச்.
"வலி கொஞ்சம் அசைஞ்சாலும் முதலாவதை நிறுத்துங்க.
அப்பாடான்னு இருந்தா ரெண்டாவதை."
படிவத்தில் 'பொருள்படும் நிவாரணம்' என்றிருந்தது.
அப்பாடா நான் போட்டது.

யாருக்குப் பழைய மாத்திரை, யாருக்குப் புதியது,
எனக்கும் தெரியாது.
சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்:
பழையது இரைப்பையிலேயே காத்துக் கிடக்கும்,
மில் எடைமேடைக்கு முன்னால்
குலை ஏற்றிய லாரிகள் நிற்பதுபோல.
புதியதை உப்பாக்கியிருக்கிறார்கள்.
கரைந்துபோனதை
எந்த கேட்டில் நிறுத்துவது?

பதினாறாவது நிமிடம் நூர்ஹயாத்தி ஒன்றை அழுத்தினாள்.
இருபத்தேழில் பள்ளி பஸ் ஓட்டும் தனபாலன்.
இன்னொருவர் அழுத்திவிட்டு,
"இல்ல மிஸ், திரும்ப வருது" என்று
கடிகாரத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

வீராசாமி செம்பனை வெட்டுகிறவர்.
நீளக் கம்பை அண்ணாந்து பிடித்துப் பிடித்து
கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது.
முதல் கடிகாரம்: பத்தொன்பது நிமிடம்.
இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது.
நாற்பது. ஐம்பது. ஒரு மணி நேரம்.
போய்ப் பார்த்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலியில், வாய் லேசாகத் திறந்து,
பஞ்சில் சிவப்பு காய்ந்து,
தூங்கிக்கொண்டிருந்தார்.
உள்ளங்கையில் கடிகாரம் மட்டும் விழித்திருந்தது.

எழுப்பலாமா?
நினைவுபடுத்தினால் கணக்குக் கெடும் என்று
முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.
மூன்று மணி நேரம் அழுத்தாத கடிகாரத்துக்கு
ஒரே பதில்தான்.
மழை வந்து, டயர் கடைத் தகரத்தில் கொட்டிவிட்டு,
போயும்விட்டது. அவர் அசையவில்லை.

எழுதினேன்: நிவாரணம் இல்லை.
கீழே, குறிப்புக்கென்று விட்டிருந்த அரை அங்குலத்தில்:
தூங்கினார்.
அதை யார் எந்த எண்ணாக மாற்றுவார்களோ.

விழித்ததும் பதறினார்.
"ரெண்டு மணி லாரி போயிருக்குமே!"
பிறகு கையைப் பார்த்தார்.
ஓடும் முள்ளைப் பார்த்தார்.
"பல்லா? அது எப்பவோ போச்சி மிஸ்.
கழுத்தையும் சேத்துத்தான் கேக்குறீங்கன்னு
காத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு,
எனக்காக,
ஒருமுறை அழுத்தினார்.