பாதிச் சவரம்

பத்தொன்பதாம் நாள்.
அடித்தளத்தில் மகாதேவசுவாமி
வலை முகமூடியை மேசையோடு பூட்டி
"அல்லாடபேடி" என்று சொல்லிவிட்டு
கனத்த கதவுக்கு அப்பால் போய்விடுகிறார்.
கன்னடத்தில் அசையாதே என்று பொருள்.
தமிழில் அல்லாடிக்கொண்டுதான் கிடக்கிறேன்.

வெளிச்சமில்லை, சூடில்லை,
கொஞ்ச நேரம் ஒரு ரீங்காரம்.
உள்ளே, இரண்டாகப் போகவிருந்த ஒரு செல்
கிளம்புமுன் தன் இழையைத் தடவிப் பார்க்கிறது.
இரு புரியும் அறுந்திருக்கிறது.
ஒட்டிப் பார்க்கிறது,
இன்னொரு தரம்.
பிறகு யாரும் விரட்டாமலே
ஈஜிபுராவில் வீடு காலி செய்கிறவர்கள் போல
சாமானைச் சின்னச் சின்ன மூட்டையாய்க் கட்டி,
பத்து மாச அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காமல்
சுருங்கிப் போகிறது.
அண்டை அயல் வந்து மூட்டைகளைத் தின்றுவிடும்.
சத்தமிருக்காது, வீக்கமிருக்காது
என்கிறது ஆஸ்பத்திரிக் கையேடு.
என் தொண்டையை ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாம்.

பிரிந்து பெருகுகிறவைதான் மாட்டுகின்றன.
கட்டி, சரி.
நாக்கின் தோலும் தாடி மயிர்க்காலும்
என்ன தப்பு செய்தன?
தினமும் வேலைக்கு வந்தன.
நரம்புகள் பிரிவதில்லை, தப்பித்தன.
அதனால் மிளகு ரசம் நினைவில் இருக்கிறது,
வாயில் இல்லை.

வீட்டுக் கண்ணாடியில் வலது பக்கம் மட்டும் சவரம்.
இடது தாடைக்குப் பதினாலு வயசு.
எஸ்தர் எட்டிப் பார்த்து
"ஒரு பிளேடு ரெண்டு மாசம் வரும்" என்கிறாள்.
சிரிக்க வாய் திறந்தால் எரியும்.

திறக்கிறேன்.