அரைச் சுரம்

மூன்று வாரமாகவே காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.
சாவிப் பொத்தானை அழுத்தினால்
நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன முனகல்
அரைச் சுரம் இறங்கியிருந்தது.
பியானோவுக்குச் சுருதி கூட்டிப் பிழைக்கிறவள் நான்.
ஊரார் வீட்டுத் தந்தி மயிரிழை தளர்ந்தாலும்
எனக்குத் தூக்கம் கெடும்.
என் காரின் முனகலை மட்டும்
குளிர் என்று சொல்லிக் கடந்துபோனேன்.

ஹீயுமா தீவிலிருந்து கரைக்கு
ஒன்றேகால் மணி நேரம், கார் ஏற்றும் கப்பலில்.
மேல்தளத்தில் பட்டாணி சூப் குடித்துவிட்டு
இறங்கிவந்து பொத்தானை அழுத்தினேன்.
முனகல்கூட இல்லை.

பொத்தானுக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை
நகம் ஒடிய நெம்பி எடுத்தேன்,
நான்கு வருடத்தில் முதல் முறையாக.
உள்ளே திரை இருட்டு.
பிரேக் மிதி, கல்.
கைப்பிரேக் மின்சாரத்தில்தான் விடும்,
விடவில்லை.
இருக்கைக்குக் கீழே
நேற்றிரவெல்லாம் ஊட்டி வளர்த்த முந்நூறு கிலோமீட்டர்
அப்படியே படுத்துக் கிடக்கிறது.
அதைத் தட்டி எழுப்ப வேண்டியது
முன்மூடிக்குள் செருப்புப் பெட்டி அளவில் ஒரு பன்னிரண்டு வோல்ட்.
சாமி வரம் கொடுக்கத் தயார்.
பூசாரிதான் மயக்கம்.

கப்பலின் வாய் திறந்தது.
இடது வரிசை போயிற்று, வலது வரிசை போயிற்று,
நடு வரிசைக்குத் தலை நான்.
பின்னால் மரம் ஏற்றிய லாரி
பி ஃபிளாட்டில் ஹாரன் அடித்தது.
அதற்கும் பின்னால் ரொட்டி வேன்,
அதைவிட ஒரு இம்மி மேலே.
இரண்டும் உரசிய உரசலில் எனக்குப் பல் கூசிற்று.
அவமானத்தை விட அதுதான் தாங்கவில்லை.

ஆரஞ்சுச் சட்டையில் மெர்லே வந்தாள்,
டிபன் பாக்ஸ் தூக்கிவருவது போல் ஒரு பெட்டியோடு,
அவசரமே இல்லாமல்.
"இந்த மாசம் நீங்க மூணாவது."
சிவப்பை முனையில் மாட்டினாள்.
கறுப்பை வாங்கப்போன என் கையைத் தட்டிவிட்டு
வண்டியின் வெற்று உலோகத்தில் கவ்வவிட்டாள்.
லாரிக்காரர் லெம்பித் இறங்கிவந்து டார்ச் பிடித்தார்.
டீசல் இப்படி ஒருநாளும் காலை வாராது என்றார்.
"உங்க லாரியிலயும் இதேதான் இருக்கு, ரெண்டு" என்றாள் மெர்லே.
டார்ச் கொஞ்சம் தாழ்ந்தது.

"போன்ல அடிக்கடி பார்ப்பீங்களா, சார்ஜ் எவ்வளவு ஏறிச்சுன்னு?"

பார்ப்பேன்.
படுக்கையில், குளியலறையில்,
அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில்.
போன வாரம் உறைபனி இரவில் ஏழு தடவை.

"ஒவ்வொரு தடவையும் வண்டி கண்ணு முழிக்குது.
முழிக்கிறது இதோட செலவுல."

பெரியது நிறைந்ததா நிறைந்ததா என்று எட்டிப் பார்த்தே
சின்னதைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறேன்.
கேட்டதும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.
யாரிடம்?
லெம்பித்திடம் கேட்டேன்.
அவர் ஹாரனுக்கு என்று நினைத்துக்கொண்டு
பரவாயில்லை என்றார்.

பிறகு வண்டியின் அடிவயிற்றில் ஒரு 'டக்'.
கதவு மூடியதல்ல, கல் விழுந்ததல்ல,
யாரோ உள்ளே சம்மதித்த ஓசை.
திரை முழுக்க எச்சரிக்கைகள் பூத்து
ஒவ்வொன்றாக உதிர்ந்தன.
"அணைக்காதீங்க" என்றாள் மெர்லே,
பெட்டியைச் சுருட்டிக்கொண்டே.
"இனி பெரிசு சின்னதுக்குக் கொஞ்சம் ஊத்தும்.
ஆனா இது பழசு. மாத்திடுங்க."

ஹாப்சாலு பணிமனையில் இரண்டு மணிக்குத்தான் ஆள் வருமாம்.
பள்ளி மண்டபத்துப் பியானோவோ பத்து மணிக்கே காத்திருந்தது.
காரை ஓடவிட்டபடியே
இரும்புச் சாவியால் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.
பாதி வேலையில் காவலாளி எட்டிப் பார்த்தார்.
"வெளியே உங்க கார் விளக்கு எரியுது, மறந்துட்டீங்க."
மறக்கவில்லை, எரியட்டும் என்றேன்.

அவர் போனதும் கை தானாகப் போனைத் தேடியது,
எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க.
எடுத்தும் விட்டேன்.
பியானோ மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு
நடு 'ஏ'-யைத் தட்டினேன்.

இன்னும் கொஞ்சம் கீழேதான் இருந்தது.